நாற்பது வயதில் கிடைத்த பெயர்



ஞாயிறு ஆராதனைக்கு நீங்கள் வரும்போது மண்டபத்தின் படிக்கட்டில் ஒருவர் தனியாக நிற்பதைக் கண்டிருக்கிறீர்களா? பாடல் வேளை முடியும்வரை அவர் உள்ளே வருவதில்லை. ஒலிபெருக்கி ஓய்ந்து, போதகர் வேதப்புத்தகத்தைத் திறக்கும்போது ஓசையின்றி வந்து கடைசி நாற்காலியில் அமர்கிறார். ஆசீர்வாத ஜெபம் முடிந்து நீங்கள் கைகுலுக்கத் திரும்புமுன் அவர் தெருவில் இறங்கி நடந்துவிடுகிறார். ‘தலைக்கனம் பிடித்தவர்’ என்கிறார் ஒருவர். ‘அனல் இல்லாத விசுவாசி’ என்கிறார் மற்றொருவர். அவருடைய மனைவி தலைகுனிந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் செல்கிறார்.

அப்படிப் படிக்கட்டில் நின்ற ஒரு சகோதரரைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் மும்பையின் புறநகர் ஒன்றில் வாழ்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். வயது 41. தமக்கு ஆட்டிசம் இருக்கிறது என்பதை அவர் 39ஆம் வயதில்தான் அறிந்துகொண்டார். பெயரையும் சபையையும் வெளியிட வேண்டாம் என்ற நிபந்தனையோடு, மனைவியின் சம்மதத்தையும் பெற்று, தமக்கு நேர்ந்ததை எழுத என்னை அனுமதித்தார். “என்னைப் போல இன்னொருவர் படிக்கட்டில் நின்றுகொண்டிருப்பார். அவருக்காக எழுதுங்கள்” என்பதே அவர் சொன்ன காரணம்.

ஊரில் தெரியாதது நகரத்தில் தெரிந்தது

சிறுவனாக இருந்தபோது ஊரார் அவருக்கு வைத்த பெயர் ‘டைம் டேபிள்’. ஊர் வழியாகச் செல்லும் ஒவ்வொரு பேருந்தின் எண்ணும், நேரமும், ஓட்டுநரின் பெயரும் அவருக்கு மனப்பாடம். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரே வழியில்தான் போவார். ஒரே மாதிரிச் சட்டைதான் அணிவார். பள்ளி முடிந்ததும் தகப்பனாரின் பலசரக்குக் கடையில் அமர்ந்து கணக்கு எழுதுவார். வீணாய் அரட்டை அடிக்கும்படி அவரை யாரும் கேட்டதில்லை. ‘அவன் அப்படித்தான்’ என்று ஊரே அவரை ஏற்றுக்கொண்டிருந்தது.

23ஆம் வயதில் மாமா ஒருவர் மூலமாக மும்பைக்கு வந்தார். ஒரே அறையில் ஏழு பேர். இரவெல்லாம் தொலைக்காட்சி. காலையில் லோக்கல் ரயிலின் நெரிசல், அறிவிப்புகளின் இரைச்சல், அந்நியர் வியர்வையின் வாடை. அலுவலகத்தில் மேலாளர் வேடிக்கையாகச் சொல்வது எது, மெய்யாகச் சொல்வது எது என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. முதல் வேலை எட்டு மாதத்தில் போயிற்று. வாடிக்கையாளர்கள் முன்னிலையில் முதலாளியின் கணக்கில் பிழை இருப்பதைச் சுட்டிக்காட்டினாராம். பிழை இருந்தது உண்மை. அதை எங்கே, எப்போது சொல்ல வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது அலுவலகத்தில் தடுப்புகளை எடுத்துவிட்டு அனைவரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார்கள். அன்றுமுதல் தலைவலி. மதிய வேளைகளில் கழிப்பறைக்குள் சென்று விளக்கை அணைத்து நின்றுகொண்டிருப்பாராம். அந்த வேலையும் போயிற்று.

‘ஊர்ப் பையன், பாஷை தெரியவில்லை, பழகினால் சரியாகிவிடும்’ என்று எல்லாரும் சொன்னார்கள். வாசகரே, ஊரைவிட்டு வந்த நமக்கு இந்த வார்த்தை நன்றாகத் தெரியும். நம்மில் எவருக்குத்தான் முதல் ஆண்டு அப்படி இருக்கவில்லை? ஆனால் அவர் ஒரே ஆண்டில் இந்தி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். பத்து ஆண்டுகள் சென்றும் அந்தத் தவிப்பு மாறவில்லை.

இதற்கு மருத்துவர்கள் கூறும் விளக்கம் எளியது. ஆட்டிசம் பிறவியிலேயே அமைவது. ஆயினும் வாழ்க்கை கேட்பது ஒருவருடைய திறனுக்கு மிஞ்சும்வரை அதன் அடையாளங்கள் முழுமையாக வெளிப்படாமல் இருக்கக்கூடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு இதைத் தெளிவாகவே கூறுகிறது. பழகிய தெருவும், பழகிய முகங்களும், மாறாத நாளும் தாங்கிப் பிடித்திருந்த ஒருவரை நகரம் திடீரென்று கைவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. ஆட்டிசத்தை ஆரம்ப காலத்தில் விவரித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர். 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதினார். அவர்களில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட சிறுவன் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் எல்லாரும் அவரை அறிந்திருந்த ஒரு சிற்றூரில் அவர் வாழ்ந்தார். வங்கியில் வேலை செய்தார், கார் ஓட்டினார், உலகின் பல நாடுகளுக்குத் தனியாகப் பயணம் செய்தார். 2023ஆம் ஆண்டில் தமது 89ஆம் வயதில் காலமானார். ஊர் அவரை அவராகவே இருக்க விட்டது.

வீட்டுக்குள் நடந்தது

நம் சகோதரருக்கு 29ஆம் வயதில் திருமணம் நடந்தது. மனைவியாரிடம் நான் பேசியபோது அவர் மறைக்காமல் சொன்னார்: “கல்யாணமான முதல் வருஷம் முழுக்க நான் அழுதுகிட்டேதான் இருந்தேன். அவங்க அடிக்கல, குடிக்கல, சம்பளத்தை அப்படியே கையில கொடுத்துடுவாங்க. ஆனா எனக்குக் காய்ச்சல்னா, ‘மாத்திரை டப்பாவுல இருக்கு’ன்னு சொல்லிட்டு ஆபீசுக்குப் போயிடுவாங்க. நான் கேட்டது மாத்திரையா?”

மாமனார் மரித்தபோது அவர் ஊருக்குச் சென்றார். துக்க வீட்டின் அழுகை ஒலி எழுந்தபோது காதுகளைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய் மாலைவரை அங்கேயே நின்றார். மனைவியின் உறவினர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. உண்மையில் அம்மாமனாரை அவர் மிகவும் நேசித்தார். அவர் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தைத்தான் இன்றும் கட்டியிருக்கிறார்.

அடுத்து நடந்ததை எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதும்படி அவரே சொன்னார். அவருக்குள் அசுத்த ஆவி இருக்கிறது என்று யாரோ மனைவியிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு ஜெப வீட்டுக்கு அவரை அழைத்துச் சென்றார்கள். சுற்றிலும் பலர் நின்று சத்தமிட, தலைமேலும் தோள்மேலும் கைகள் அழுத்த, அவர் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினார். அலறியதே ஆவி இருப்பதற்குச் சாட்சி என்றார்கள். சத்தத்தையும் தொடுதலையும் தாங்க முடியாமல் ஒரு மனிதன் அலறினான் என்பது அங்கே எவருக்கும் தெரியவில்லை. அவர்கள் தீமை நினைத்தவர்கள் அல்லர். ஆனால் அன்றுமுதல் அவர் தம்மைக் குறித்தே அஞ்சத் தொடங்கினார். உறக்கம் போயிற்று. இனி வாழ வேண்டுமா என்ற எண்ணமும் வந்தது.

பாட்டி சொன்ன ஒரு வார்த்தை

அவர்களுடைய மகனுக்கு நான்கு வயதாகியும் பேச்சு ஒழுங்காக வரவில்லை. குழந்தைகள் நல மருத்துவமனையில் பல வாரப் பரிசோதனைக்குப் பின் ஆட்டிசம் என்றார்கள். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியும் அன்று உடன் இருந்தார். சிறுவன் பொருள்களை வரிசையாக அடுக்குவதையும், அழைத்தால் திரும்பாததையும், குக்கர் சத்தத்துக்கு நடுங்குவதையும் மருத்துவர் ஒவ்வொன்றாக விளக்கினார். பாட்டி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “இவன் அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான இருந்தான். இதுல என்ன சீக்கு இருக்கு?” என்றார்.

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தகப்பனை நிமிர்ந்து பார்த்தார்.

பெரியவர்கள் பலர் தங்களைப் பற்றி அறிந்துகொள்வது இவ்வழியாகத்தான். பிள்ளைக்காக மருத்துவமனைக்குப் போகிறார்கள். பிள்ளையைப் பற்றிய கேள்வித்தாளில் தங்களைக் காண்கிறார்கள். ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது என்பது ஆய்வுகளால் உறுதியாகியிருக்கிறது. தாயின் அன்புக் குறைவினால் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டில் சொல்லப்பட்டது தவறு என்று எப்போதோ தள்ளப்பட்டுவிட்டது. தடுப்பூசியினாலும் வருவதில்லை. பெற்றோரின் பாவத்தினாலும் அல்ல, வளர்ப்பின் குறையினாலும் அல்ல.

ஆட்டிசம் என்றால் என்ன?

தமிழில் இதை மதியிறுக்கம் என்கிறார்கள். தமிழக அரசின் ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றவர்’ என்ற சொல்லும் காணப்படுகிறது. இரண்டுமே ஓரளவு நம்மைத் தவறாக எண்ணச் செய்யும் பெயர்கள். நம் சகோதரரின் மதி இறுகவில்லை. புற உலகைக் குறித்த சிந்தனையோ அவரிடம் அளவுக்கு மிஞ்சியே இருந்தது. புற உலகின் ஒலியும் ஒளியும் வாடையும் ஒன்றையொன்று மூடாமல் அத்தனையும் ஒருசேர அவருக்குள் வந்து விழுந்தன.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் உள்ள இடர்ப்பாடு: முகக்குறிப்பைப் படிப்பது, மறைமுகப் பேச்சைப் புரிந்துகொள்வது, கண்ணோடு கண் பார்ப்பது, உரையாடலில் தன் முறை வரும் நேரத்தை அறிவது போன்றவை. மற்றொன்று, மாறாத ஒழுங்கின்மேல் உள்ள பிடிப்பு: ஒரே பழக்கம், ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒரே அசைவைத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுதல், சுவை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல். இவை சிறுவயது முதலே இருந்திருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். அப்போதுதான் அது ஆட்டிசம் எனப்படும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அப்படியானால், நம் தலைமுறையில் இவ்வளவு பேர் ஏன் அறியப்படாமல் போனார்கள்? நன்றாகப் பேசவும் படிக்கவும் தெரிந்தவர்களுக்கும் ஆட்டிசம் இருக்கலாம் என்பது மருத்துவ உலகில் பரவியதே பிற்காலத்தில்தான். வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் எழுதியதை ஆங்கில உலகுக்கு எடுத்துக்காட்டி, லோர்னா விங் என்னும் மருத்துவர் 1981இல்தான் கட்டுரை எழுதினார். அமெரிக்கக் கையேட்டில் ஆஸ்பெர்கர் என்ற பெயர் 1994இல் இடம்பெற்றது. 2013இல் அது ஆட்டிசம் என்ற ஒரே பெயருக்குள் சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் கூறிய ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அது இடம்பெற்றது. நம் சகோதரர் பள்ளியில் படித்த நாள்களில் அவருடைய ஆசிரியர் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை.

பெண்களுக்கு இது இன்னும் அதிகமாக மறைந்துபோகிறது. பிறரைப் பார்த்து அப்படியே நடந்துகொள்ளப் பெண்பிள்ளைகள் சிறுவயதிலேயே பழகிவிடுகிறார்கள். ‘அடக்கமான பெண்’ என்ற பாராட்டின் கீழே அவர்களுடைய களைப்பு தெரிவதில்லை. 2009ஆம் ஆண்டில் ஒரே பாட்டினால் உலகப் புகழ் பெற்ற ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயிலை நீங்கள் அறிந்திருக்கலாம். பிறந்தபோது மூளை பாதிக்கப்பட்டதென்று அவரைப் பற்றிச் சொல்லி வந்தார்கள். தமக்கு இருப்பது ஆஸ்பெர்கர் என்று கண்டறியப்பட்டதை அவர் 2013ஆம் ஆண்டில், 52ஆம் வயதில், வெளியே சொன்னார். தமக்கு அது ஆறுதலாக இருந்ததென்றும் கூறினார்.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

பாட்டி சொன்ன வார்த்தைக்குப் பின்னும் நம் சகோதரர் ஓராண்டுக்கு மேல் தயங்கினார். இந்த வயதில் அறிந்து என்ன பயன்? வேலைக்கு ஆபத்து வருமா? தங்கையின் மகளுக்கு வரன் பார்க்கிறார்களே, அதற்குத் தடை ஆகுமா? இக்கேள்விகள் உங்களுக்கும் எழும். கடைசியில் மகன்தான் அவரை அனுப்பினான். “அவனுக்கு என்ன நேரிடும் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு எனக்கு என்ன நேர்ந்தது என்று தெரிய வேண்டும்” என்றார்.

முதலில் பார்த்த மருத்துவர், “வேலை இருக்கிறது, மனைவி இருக்கிறார், பிள்ளை இருக்கிறது, உங்களுக்கு எப்படி ஆட்டிசம் இருக்கும்?” என்று கேட்டு, உறங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இப்படிப் பலருக்கு நேர்கிறது. ஆட்டிசத்தில் பயிற்சி உள்ளவர்களில் பலர் குழந்தைகளையே பார்த்துப் பழகியவர்கள். ஆகவே, போகுமுன் தொலைபேசியில் ‘பெரியவர்களை மதிப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். மனநல மருத்துவரிடமோ, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ செல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். பெங்களூரில் வாழ்வோருக்கு நிம்ஹான்ஸ் இருக்கிறது.

ஆட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இல்லை. ஸ்கேனும் இல்லை. மருத்துவர் கேட்கிறார், கவனிக்கிறார், பழைய வாழ்க்கையைத் தோண்டி எடுக்கிறார். 2001ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹன் குழுவினர் உருவாக்கிய 50 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் பலராலும் பயன்படுத்தப்படுகிறது. அதை நீங்களே நிரப்பிப் பார்க்கலாம். ஆனால் அது மருத்துவரிடம் போகலாமா என்பதற்கான ஒரு குறிப்பு மட்டுமே. கூச்ச சுபாவம், பதற்ற நோய், மனச்சோர்வு, கவனக்குறைவுக் கோளாறு, காது மந்தம் ஆகியவையும் வெளியே ஏறக்குறைய இப்படியே தோன்றும். சில வேளைகளில் அவை ஆட்டிசத்தோடு சேர்ந்தே இருக்கும். அதைப் பிரித்தறிவது பயிற்சி பெற்றவருடைய வேலை.

இரண்டாவதாக அவர் சென்ற உளவியலாளர் மூன்று முறை வரவழைத்தார். மனைவியிடம் தனியாகப் பேசினார். பிறகு ஊரிலிருந்த தாயாரிடம் தொலைபேசியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பிள்ளைப் பருவத்தை நினைவில் வைத்திருப்பவர் சொல்லும் சாட்சிக்கு இதில் மிகுந்த மதிப்பு உண்டு. அந்தத் தாயார் எதையும் மறக்கவில்லை. புளியங்கொட்டைகளைத் திண்ணை நெடுக வரிசையாக அடுக்குவான். ஒன்று கலைந்தால் முதலிலிருந்து அடுக்குவான். வெடிச்சத்தம் கேட்டால் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். கட்டியணைத்தால் திமிறுவான். நான்கு வயதிலேயே புத்தகத்தில் இருப்பதுபோலப் பேசுவான்; ‘சோறு வேணும்’ என்னாமல் ‘எனக்குச் சோறு வேண்டும்’ என்பான். தெருவில் எல்லாரும் கூடி நின்று அவனைப் பேசச் சொல்லிச் சிரிப்பார்களாம். தொலைபேசியை வைக்குமுன் அந்தத் தாய், “நான்தான் ஏதோ தப்பா வளத்துட்டேனாம்மா?” என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று உளவியலாளர் சொன்னதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாராம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தியிலோ ஆங்கிலத்திலோ கேள்விகள் கேட்கப்படும்போது, பாஷைத் தடுமாற்றம் எது, பழகுவதில் உள்ள தடுமாற்றம் எது என்று பிரிப்பது கடினம். தமிழ் அறிந்த மருத்துவர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பொறுமையுள்ள ஒருவரை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லுங்கள். பழைய பள்ளி அறிக்கைகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சிறுவயது நினைவுகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தாய் தகப்பன் உயிரோடு இல்லையென்றால் மூத்த அக்காவோ சித்தியோ சொல்லலாம்.

சான்றிதழும் சட்டமும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. அவற்றில் ஆட்டிசமும் ஒன்று. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்றளிக்கப்பட்டால் அரசு வேலை இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரிமை உண்டு. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு பெறவும் இச்சான்றிதழ் தேவை. ஓரிடத்தில் பெற்ற சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகிற நமக்கு இது முக்கியம். மத்திய அரசின் ‘ஸ்வாவலம்பன்’ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

சான்றிதழுக்காகப் பயன்படுத்தப்படும் இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70 ஆனால் 40 விழுக்காடு. 107ஐ எட்டினால் நடுத்தர அளவு. 153க்கு மேல் கடுமையானது. நம் சகோதரருக்கு வந்தது 66. “நாலு மார்க்கில் பெயில்” என்று சிரிக்காமல் சொன்னார். சிறுவரை மனதில் வைத்து அமைந்த கேள்விகள் அதில் பல. வாழ்நாள் முழுவதும் மறைத்து வாழக் கற்றுக்கொண்ட ஒரு பெரியவர் அதில் குறைந்த மதிப்பெண் பெறுவது நடக்கக்கூடியதே. சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதற்காக மருத்துவர் கண்டறிந்தது பொய்யாகிவிடாது. கண்டறிவது வேறு, சான்றளிப்பது வேறு. இதை முன்கூட்டியே அறிந்து செல்லுங்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை நமக்குத் தருகிறது. யாரிடம், எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

அறிந்த பின்பு

அறிக்கை கைக்கு வந்த அன்று மனைவியார் மகிழவில்லை, கோபப்பட்டார். “இத்தனை வருஷம் ஒருநாள் மாறிடுவாங்கன்னு நினைச்சுத்தான் இருந்தேன். இனி மாறவே மாட்டாங்கன்னு பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டாங்க” என்று அழுதார். பிள்ளையை அழைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்தார். வாசகரே, இதை மறைத்து இனிப்பாக மட்டும் எழுத எனக்கு மனமில்லை. பெயர் தெரிந்தவுடன் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. ஆட்டிசத்தை மாற்றுவதற்கு மருந்து இல்லை. உடன் வரும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. அதை அவர் எடுத்துக்கொள்கிறார், இப்போது உறங்குகிறார்.

மனைவி திரும்பி வந்தபோது அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அந்த இரண்டு மாதமும் நாள்தோறும் தமக்கு என்ன தோன்றியது என்று அதில் எழுதியிருந்தார். வாயால் சொல்ல முடியாதவை அத்தனையும் கணக்குப் புத்தகம்போலத் தேதிவாரியாக இருந்தன. மாமனார் மரித்த நாளில் கிணற்றடியில் நின்றபோது நினைத்தவையும் அதில் இருந்தன. அதைப் படித்த பிறகுதான், தாம் மணந்தவர் யார் என்று தெரிந்ததாக மனைவியார் சொன்னார். இப்போது வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ‘எனக்கு மாத்திரை வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள்’ என்று அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். இவர் உட்காருகிறார். “கேட்டு வாங்குற அன்பு அன்பான்னு முதல்ல தோணுச்சு. கேட்டதும் ஒருநாள்கூட இல்லைன்னு சொன்னதில்லை” என்றார்.

அலுவலகத்தில் மேலாளர் ஒருவரிடம் மட்டும் மருத்துவரின் கடிதத்தைக் காட்டினார். நாற்காலி சுவரோரத்துக்கு மாறியது. வேலைகளை வாயால் சொல்லாமல் எழுதி அனுப்புகிறார்கள். நிறுவனத்துக்கு இதனால் ஒரு ரூபாயும் செலவாகவில்லை. எல்லா மேலாளரும் இப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

இதை வாசிக்கும்போது உங்களையே கண்டீர்களானால், அஞ்சாதீர்கள். உடனே ஒரு முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். எழுதி வையுங்கள், விசாரியுங்கள், மருத்துவரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுமானால் அந்த நேரமே ஒருவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கணவனிலோ, மகளிலோ, தம்பியிலோ இதைக் கண்டீர்களானால், ‘உனக்கு ஆட்டிசம்’ என்று சண்டையின் நடுவில் எறிந்துவிடாதீர்கள். அமைதியான ஒரு நாளில், ‘உங்களுக்கு எது கடினமாக இருக்கிறது?’ என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். அது வர நேரமாகலாம்.

சபைகளை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெபிப்பது நம் கடமை. அதை நிறுத்த நான் சொல்லவில்லை. தலைமேல் கை வைக்குமுன் சம்மதம் கேளுங்கள். காதைப் பொத்துகிறவரைச் சூழ்ந்து நின்று சத்தமிடாதீர்கள். மருத்துவரிடம் போவதை அவிசுவாசம் என்று சொல்லாதீர்கள்.

அந்தச் சகோதரரின் சபையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். போதகரிடம் அவரே போய் அறிக்கையைக் காட்டினார். போதகர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “பிரதர், அப்போ அந்த ஸ்பீக்கர்தானா?” என்று கேட்டார். அடுத்த வாரமே பின்சுவரில் இருந்த ஒலிபெருக்கியைக் கழற்றி முன்புறம் மாற்றினார்கள். ஜன்னலோர நாற்காலி ஒன்று அவருக்கென்று ஒதுக்கப்பட்டது. காதில் சிறு பஞ்சடைப்பான் வைத்துக்கொண்டு பாடல் வேளையிலும் இப்போது உள்ளே இருக்கிறார். சில ஞாயிறுகளில் மட்டும் படிக்கட்டுக்குப் போய்விட்டு வருகிறார். அவருடைய மகனும் கூடப் போகிறான்.

உங்கள் சபையிலும் படிக்கட்டில் ஒருவர் நின்றால், அடுத்த ஞாயிறு அவரருகே போங்கள். கையை நீட்ட வேண்டாம். தலையசைத்துவிட்டு, சிறிது தள்ளி நில்லுங்கள். அவருக்கு விருப்பமானால் அவரே பேசுவார்.